மீனுக்குப் பேன் பார்த்த கதை

தென் ஆப்பிரிக்காவுக்குப் போய் வருகிறவர்கள் சிங்கத்தோடு எடுத்த போட்டோவைக் காட்டுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு பேனின் போட்டோ. அதுவும் மீனின் பேன்!

தப்பு என் பேரில் இல்லை. ஜோஹானஸ்பர்க்கில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கும் என் பி.காம். கிளாஸ்மேட், "வாடா, க்ரூகர் காட்டுக்குப் போலாம். சிங்கம், யானை, முதலை எல்லாம் காட்டறேன்" என்று சொல்லித்தான் வரவழைத்தான். நான் போய் இறங்கிய மறுநாளே அவனுக்கு ஆடிட். "இன்னிக்கு ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பொண்ணோட ஆத்துப் பக்கம் போயிட்டு வாயேன்" என்றான்.

மறுப்பேனா? அவசரமாகத் தலை வாரி, சென்ட் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றேன். காலை 5 மணிக்கு அந்தப் பெண் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, ஐஸ் பெட்டி, நாலு வலை சகிதம் வந்து ஹாரன் அடித்தார். சென்ட் வீண்.

பல்கலைக்கழகத்தில் மீன் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம். மீனைப் பிடித்து அதன் மேல் இருக்கும் பேனையும் உள்ளே இருக்கும் புழுவையும் எண்ண வேண்டும். எண்ணுவது என்றால் நிஜமாகவே ஒன்று, இரண்டு, மூன்று. இதற்கு டாக்டர் பட்டமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். சாயந்திரம் வரைதான் அந்தச் சிரிப்பு.

வண்டி ஓட்டியவருக்கு ஐம்பது வயசிருக்கும். என்னை "பிரதர்" என்றார். அவருக்குச் சொந்த ஊர் நாங்கள் போகும் வழியிலேயே இருந்தது. எமலாஹ்லெனி. 2006 வரை அதற்கு விட்பேங்க் என்று பெயர். புதுப் பெயருக்கு 'நிலக்கரி இருக்கும் இடம்' என்று அர்த்தம். கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான புல்வெளி. நடுநடுவே கறுப்பாகச் சின்னச் சின்ன மலைகள். மலை என்று நினைத்தேன். "அது கரிக் கழிவு பிரதர்" என்றார். அடிவானத்தில் அனல் மின் நிலையங்கள் புகை விட்டுக்கொண்டிருந்தன. அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வருவது. நூறு வருஷத்துக்கும் மேலாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு ஓடையருகே நிறுத்தினார். தண்ணீர் ஆரஞ்சு நிறம். கல்யாண வீட்டில் கொடுக்கும் கலர் மாதிரி பளபளவென்று இருந்தது. கரையில் ஒரு தவளை கூட இல்லை.

விஷயம் இதுதான். நிலக்கரியோடு பைரைட் என்ற கனிமம் சேர்ந்திருக்கும். தங்கம் போல மினுக்கி ஏமாற்றுவதால் இதற்கு 'முட்டாள் தங்கம்' என்று பட்டப்பெயர். பூமிக்குள் கிடக்கும்வரை சாது. தோண்டி எடுத்துக் காற்றும் தண்ணீரும் பட்டதோ, கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்து அலுமினியம், மாங்கனீஸ் என்று அகப்பட்டதையெல்லாம் கரைத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பும். இரும்பு, துருவாகப் படியும். அதுதான் ஆரஞ்சு. சுரங்கத்தை மூடி, முதலாளி ஊரைவிட்டுப் போனாலும் கசிவு பல பத்து வருஷங்களுக்கு நிற்காது. இந்த ஊரில் சுரங்கத் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிநீராக்கும் ஆலை ஒன்றை 2007ல் ஆரம்பித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்கள் எத்தனையோ!

இந்த ஓடைகள் எல்லாம் போய்ச் சேரும் நதியின் பெயர் ஒலிஃபன்ட்ஸ். 'யானைகள்' என்று அர்த்தம். கரி பூமியில் பிறந்து, லாஸ்காப் அணையில் தேங்கி, மலையிறங்கி, பலபோர்வா தாமிரச் சுரங்கத்தைத் தாண்டி, க்ரூகர் காட்டுக்குள் நுழைந்து மொசாம்பிக் போகிறது. அந்தக் காட்டுப் பகுதியில்தான் 2008ல் 160க்கும் மேற்பட்ட முதலைகள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்பு மஞ்சளாகி இறுகிப் போயிருந்ததாம். காரணம் ஒன்றே ஒன்று என்று யாராலும் கைகாட்ட முடியவில்லை. நதி நெடுகச் சேர்ந்த பல கழிவுகள், கீழே ஒரு அணையால் மாறிய நீரோட்டம், முதலை தின்ற மீன் என்று பட்டியல் நீள்கிறது. என் நண்பன் எனக்குக் காட்டுவதாகச் சொன்ன அதே முதலைகள்!

"தண்ணியை பாட்டில்ல பிடிச்சு லேபுக்கு அனுப்பினா தெரிஞ்சுடாதா? மீனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் திருப்பிக் கேட்டார். "நீங்க என்ன படிச்சீங்க?"

"காமர்ஸ்."

"அப்ப ஈஸி. ஒரு கடையோட நிலைமை தெரியணும்னா கல்லாப் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்தாப் போதுமா?"

போதாது. கல்லா இந்த நிமிஷத்தைச் சொல்லும். பேரேட்டைப் புரட்டினால்தான் வருஷக் கதை தெரியும். நேற்று மழை பெய்திருந்தால் இன்று பாட்டிலில் பிடித்த தண்ணீர் நல்ல பிள்ளை. மீனும் அதன் மேல் குடியிருக்கும் ஜீவன்களும் அந்த ஆற்றிலேயே மாதக்கணக்கில் கிடந்தவை. அவற்றிடம் பொய்க் கணக்கு கிடையாது.

முதலில் சுரங்கம் அதிகமில்லாத ஒரு கிளை நதியில் வலை போட்டார்கள். கிடைத்தவை இரண்டு ஜாதி. இரண்டுமே நமக்குத் தெரிந்த ஆசாமிகள். ஒன்று, இந்தியாவில் வளர்க்கத் தடை செய்திருக்கிறார்களே, அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி. இன்னொன்று 1952ல் இந்தியாவுக்கு வந்து நம் ஏரி குளங்களில் ரேஷன் கார்டு வாங்காத குறையாகத் தங்கிவிட்ட ஜிலேபி. அதன் பூர்வீகம் இந்தப் பக்கத்து ஆறுகள்தான்.

மடக்கு மேஜையில் கெளுத்தியைக் கிடத்தினார். தோலில் ஏதோ ஊர்ந்தது. உளுந்து அளவில், தட்டையாக, கண்ணாடி மாதிரி. மீன் பேன்! செவுளைக் கொஞ்சம் வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நூல் துணுக்கு மாதிரி தட்டைப் புழுக்கள் நெளிந்தன. வயிற்றைத் திறந்தால் அங்கேயும் சுருள் சுருளாகப் புழு. எனக்குக் காலையில் தின்ற பன் மேலே வந்தது. டிரைவர் முகம் சுளித்தார். "இந்த மாதிரி மீன் கிடைச்சா நான் தூக்கிப் போட்டுருவேன்."

பிற்பகல், சுரங்கப் பகுதிக்குக் கீழே பெரிய நதியில் வலை. அங்கே கிடைத்த கெளுத்தி பளிச்சென்று இருந்தது. பேன் இல்லை. செவுளில் புழு இல்லை. டிரைவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா பிரதர், இதான் சுத்தமான மீன்! இங்கதான் ஞாயித்துக்கிழமை தூண்டில் போடுவேன்."

அந்தப் பெண் பதில் பேசாமல் படிவத்தில் ஒரு நம்பரை எழுதினார். எட்டிப் பார்த்தேன். 30.

மீனின் ஆரோக்கியத்துக்கு மார்க் போடும் முறை ஒன்று 1993ல் அமெரிக்காவில் வந்தது. மார்க் ஏற ஏற மீன் சீக்காளி என்று கணக்கு. ஒட்டுண்ணி இருந்தால் அதுவும் ஒரு குறை. ஜோஹானஸ்பர்க் ஆராய்ச்சியாளர்கள் அதை 1990களில் இதே ஒலிஃபன்ட்ஸ் நதியில் சோதித்தார்கள். வெளியே ஒட்டுகிறதையும் உள்ளே குடியிருப்பதையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது என்று பிரித்தார்கள். பிறகு வெளி ஒட்டுண்ணிக்கு மார்க்கைத் தலைகீழாக்கியும் பார்த்தார்கள். 20க்கு மேல் இருந்தால் பூஜ்யம். ஒன்றுமே இல்லாவிட்டால் 30, அதாவது அபாயம். பற்று வரவாகிவிட்டது!

காரணம் எளிது. பேனும் செவுள் புழுவும் நேரடியாகத் தண்ணீரில் நனைந்துகொண்டிருப்பவை. உலோகமும் அமிலமும் ஏறினால் மீனுக்கு முன்னால் அவை போய்விடும். உள்ளே இருக்கும் சில புழுக்களுக்கோ மூன்று வீடு வேண்டும். குழந்தைப் பருவம் நத்தையில், பிறகு மீன், கடைசியில் மீன் தின்னும் பறவை. ஆற்றில் நத்தை செத்தால் அந்தப் புழுவும் காலி. ஆக, ஒரு புழுவைப் பார்த்தால் நத்தையும் பறவையும் சௌக்கியம் என்று லெட்டர் வந்த மாதிரி.

"அப்ப புழு நிறைய இருந்தா நல்ல ஆறா?" என்றேன்.

"அப்படியும் சொல்ல முடியாது. சாக்கடை கலந்தா சில நுண்ணுயிர் ஒட்டுண்ணி எக்கச்சக்கமாப் பெருகும். எது இருக்கு, எது காணோம்னு சேர்த்துப் பார்க்கணும். ஒரு மீனை வச்சும் தீர்ப்பு சொல்லக்கூடாது. அதான் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

குடல் புழுக்களைத் தனி பாட்டிலில் போட்டார். அவை சும்மா ஆசாமிகள் இல்லை. ஜெர்மனியில் நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன ரூர் நதியில் பெர்ன்ட் சூரஸும் அவர் சகாக்களும் 1990களில் ஒரு முள்தலைப் புழுவை ஆராய்ந்தார்கள். அது குடியிருந்த மீனின் சதையில் இருந்ததைவிட 2,700 மடங்கு வரை அதிக ஈயம் அந்தப் புழுவில் இருந்தது. அந்தப் புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. மீனின் குடலில் வருவதை உடம்பாலேயே உறிஞ்சும். புழு உள்ள மீனின் குடலில், புழு இல்லாத மீனைவிட ஈயம் குறைவாக இருந்ததாகக் கண்டார்கள். வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் என்று திட்டிக்கொண்டிருந்தால், அவன் வீட்டு விஷத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறான்.

இவ்வளவையும் டிரைவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப இருபது வருஷமா நான் தப்பான மீனைத்தான் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போனேனா?" என்றார்.

யாரும் பேசவில்லை.

"உலோகம் சதையைவிட ஈரல்லயும் செவுள்லயும்தான் அதிகமாத் தங்கும். அதையெல்லாம் எடுத்துப் போட்டுருங்க" என்றார் அந்தப் பெண்.

"அம்மாவுக்குத் தலைதான் பிடிக்கும். நான் பாத்துப் பாத்து பெரிய தலையா கொண்டுபோவேன்."

திரும்பும் வழியில் அந்தக் கறுப்பு மலைகளைக் காட்டினார். "எங்கப்பா அதுக்கு அடியில 25 வருஷம் வேலை பாத்தாரு. அந்தச் சம்பளத்துலதான் நான் படிச்சேன். சுரங்கத்தைத் திட்ட எனக்கு வாய் வரலை பிரதர். ஆனா ஆறு எங்களுக்கு ஓசியில சோறு போட்டுது. அதுக்கு யார் கணக்கு எழுதினாங்க?"

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் தெரியும், வாராக்கடன் தெரியும். ஆற்றை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். கூடையில் ஜிலேபி துள்ளிக்கொண்டிருந்தது. மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு சார், ஒரு புழு பூச்சி கிடையாது. சுத்தமான மீனு!"

"அது சரிம்மா, எந்த ஏரி மீன்?" என்றேன்.

இத்தனை வருஷ வியாபாரத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆடிட்டரைப் பார்ப்பது போல என்னை ஏற இறங்கப் பார்த்தார்.