உடுவில் வளவில் ஒரு மத்தியானம்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் காங்கேசன்துறை வீதியால் செல்லும் பஸ்ஸில் ஏறினால், கொக்குவில், தாவடி, இணுவில் எல்லாம் தாண்டி மருதனார்மடத்தில் இறங்கலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று அமைத்த இராமநாதன் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் உடுவில். செம்மண் தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள், பனைகள். கிடுகு வேலிகள் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் மதில்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாகவே நான் அன்று போனேன். அவருடைய பேத்திக்குப் பதினொரு வயது. பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். பேத்தியை உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில் சேர்த்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

"மகனை 2009 இல வன்னியில தவறவிட்டனான். இப்ப இவளையும் கைவிட்டிட்டு வந்த மாதிரிக் கிடக்கு. கூட்டிக்கொண்டு வந்திடுவம் பிள்ளை" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. மடியில் பேத்திக்குச் சுட்ட பயற்றம் பணியாரம்.

பிள்ளையைப் பார்ப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு மரநிழலில் இருந்தோம். அந்த மண்ணின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் தமது வேலையைத் தொடங்கியது 1816 இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் முதலில் தங்கினார்கள். 1819 யூனில் பொஸ்ரன் துறைமுகத்தில் கப்பலேறிய அடுத்த குழுவில் ஹரியற் வின்ஸ்லோ என்ற இளம்பெண்ணும் இருந்தார். வயது இருபத்துமூன்று. கணவர் மைரன் வின்ஸ்லோ. பின்னாளில் 1862 இல் பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்டவர் அவர்தான். 1820 இல் இருவரும் உடுவிலில் குடியேறினர்.

அக்காலத்தில் எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைகளை எழுத வாசிக்க விடுவதில்லை. படித்த பெண்ணை யார் கட்டுவார் என்ற பயம் பெற்றோருக்கு. அப்படியிருந்தும் 1824 இல் ஹரியற் அம்மையார் ஒரு சில சிறுமிகளைச் சேர்த்து விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். படிப்பை முடித்துத் திருமணம் செய்யும் பெண்ணுக்கு மிஷன் ஒரு சிறு சீதனமும் கொடுத்தது. பெற்றோரை இணங்கவைக்க அதுவும் ஒரு வழி.

அவர்கள் வந்தது தங்கள் சமயத்தைப் பரப்புவதற்குத்தான். எங்கள் கோயில்களையும் வழிபாட்டையும் இருள் என்றே எழுதினார்கள். அதற்கு மறுமொழியாக 1848 இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுகநாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இதையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

ஹரியற்றின் மூத்த மகன் சார்ள்ஸ் 1821 இல் பிறந்தான். இந்த வெயிலில், இந்தச் செம்மண்ணில் விளையாடி வளர்ந்த பிள்ளை. படிப்புக்காக அவனைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1832 மே மாதத்தில் நியூயோர்க்கில் அவன் இறந்துபோனான். பதினொரு வயது.

"செய்தி வர எவ்வளவு நாள் எடுத்தது?" என்று அக்கா கேட்டார்.

"அந்தக் காலத்தில் கப்பல் வர மாதக்கணக்கு. அதுவரைக்கும் மகன் உயிரோடை இருக்கிறான் எண்டுதான் தாய் நினைச்சிருப்பா."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவவுக்குக் கடிதமாவது வந்தது."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

1833 சனவரியில் ஹரியற் அம்மையாரும் இறந்தார். முப்பத்தாறு வயது. பாடசாலைக்கு அப்போது ஒன்பது வயதுகூட நிறையவில்லை. தான் நட்டது மரமாகுமா என்று அவருக்குத் தெரியாது. ஆனால் பாடசாலை மூடப்படவில்லை. ஸ்போல்டிங் தம்பதியினர் பொறுப்பெடுத்தார்கள். 1840 இல் எலைசா அக்னியூ வந்தார்.

அக்னியூ அம்மையார் 1807 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். எட்டு வயதில், ஒரு பூகோள பாட வகுப்பில், தான் மிஷனரியாகப் போகவேண்டும் என்று தீர்மானித்தாராம். ஆனால் பெற்றோரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் இறக்கும்வரை பொறுத்திருந்து, முப்பத்திரண்டு வயதில்தான் கப்பலேறினார். திருமணம் செய்யவில்லை. அதன்பின் நாற்பத்துமூன்று ஆண்டுகள். ஒரு தடவையேனும் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

உடுவிலில் அவர் படிப்பித்த பிள்ளைகளின் மகள்மாரும் பேத்திமாரும் அவரிடமே படிக்க வந்தார்கள். பாடசாலை விடுமுறையில் அவர் ஊரூராகப் போய்ப் பழைய மாணவிகளின் வீடுகளில் சுகம் விசாரிப்பார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். முதுமையில் மானிப்பாயில் தங்கியிருந்து, 1883 இல் அங்கேயே கண் மூடினார்.

இவர்களுக்கு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நான் யோசித்துப் பார்த்தேன். கடவுள் தந்தார் என்றே அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது அவர்களுடைய விசுவாசம். எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: காலையில் எழும்பினால் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளை காத்திருந்தது. துக்கம் இருந்த வீட்டிலேயே அந்த வேலையும் இருந்தது. துக்கம் ஆறும்வரை வேலை பொறுத்திருக்கவில்லை. ஒருவர் கை சோர்ந்தபோது இன்னொருவர் கை ஏந்தியது.

எங்களுக்கும் இது புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே மழையில் நடந்து செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. அங்கே மரங்களின் கீழும் கொட்டில்களிலும் பிள்ளைகளை இருத்திப் பாடம் சொன்னவர்களும் பெண்கள்தான். நேற்று எல்லாவற்றையும் இழந்தவர், இன்று மற்றவருடைய பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். அதற்கு நாங்கள் நம்பிக்கை என்று பெயர் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

மணி அடித்தது. பேத்தி ஓடிவந்தாள். இரட்டைப் பின்னல், கையில் மைக்கறை. பணியாரத்தை வாங்கிக்கொண்டு, "அம்மம்மா, நான் சங்கீதப் போட்டிக்குப் பேர் குடுத்திட்டன்" என்றாள். விடுதியில் பக்கத்துக் கட்டில் பிள்ளை முல்லைத்தீவாம். இரவில் அழுகிறதாம். "நான்தான் அவளோடை கதைக்கிறனான்" என்று பெரிய மனுசி மாதிரிச் சொன்னாள்.

அக்கா அவளுடைய தலையைத் தடவினார். பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்த வார்த்தையை எடுக்கவேயில்லை. புறப்படும்போது பணியாரப் பொதியைக் காட்டி, "அந்தப் பிள்ளைக்கும் குடுத்துச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

1824 இல் தொடங்கிய அந்தப் பாடசாலைக்கு 2024 இல் இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. எத்தனையோ தாய்மார் அந்த வாசலில் பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடந்திருப்பார்கள். திரும்பி நடப்பது லேசான காரியமல்ல. அன்று அக்கா நடந்தார்.

மருதனார்மடம் வரும்வரை இருவரும் கதைக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்துநிற்கையில் அக்கா கேட்டார்:

"பிள்ளை, வாற மாதமும் என்னோடை வருவியே? அந்த முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடச் சுடவேணும்."