நம்பர் பிளேட்டும் தாய்மொழியும்

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

"உக்ரைனோட கிழக்குப் பக்கம் முழுக்க ரஷ்ய மொழி பேசுறவங்கதானே இருக்காங்க, அது ரஷ்யாவோட சேர்ந்தா என்ன தப்பு டாக்டர்?" போன வாரம் ஓ.பி. முடிஞ்சு கிளம்பும்போது ஒரு தம்பி கேட்டார். ஐ.டி.ஐ. முடிச்சவர், சிப்காட்ல வேலை, செய்தியெல்லாம் விடாம பார்ப்பவர். நியாயமான கேள்வி. ஆனா இதுக்குப் பதில் தேடி கீவ் வரைக்கும் போக வேண்டியதில்ல. ஓசூர்லயே கிடைக்கும்.

ஓசூருங்கிற பேரே கன்னடம். ஹொச ஊரு, நம்ம வழக்கத்துல சொன்னா புதூர். பெங்களூரு 40 கி.மீ., சென்னை 300 கி.மீ.க்கு மேல. காலைல என் ஓ.பி.யில ஒருத்தர் "நொப்பி"ன்னு முட்டியைக் காட்டுவார், அடுத்தவர் "நோவு"ம்பார், மூணாவது ஆள் "வலிக்குது சார்"ம்பார். ஒடிசாவுல இருந்து வந்து கம்பெனில வேலை பாக்குற பையன் எனக்காக இந்தியில "தர்த்"னு சொல்லுவான். தெலுங்கு, கன்னடம், தமிழ், இந்தி எதுல சொன்னாலும் மாத்திரை ஒண்ணுதான். (கன்னடத்து "நோவு" நம்ம பழைய தமிழ்லயும் அதே நோவுதான். எங்க தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டி கடைசி வரைக்கும் "கால் நோவுது"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.)

இங்க வந்த புதுசுல எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. வீட்டுல தெலுங்கு பேசுற, கன்னடம் பேசுற இத்தனை பேர் எப்படி தமிழ்நாட்டுல இருக்காங்க?

கதை பழசு. 1792-ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு சுல்தான்கிட்ட இருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி பகுதியான பாராமகால் கம்பெனி கைக்குப் போச்சு. ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலம் அப்ப மைசூரோடதான் இருந்தது. 1799-ல திப்பு இறந்த பிறகு அதுவும் வந்தது. ரெண்டையும் சேலம் மாவட்டத்துல சேர்த்தாங்க. சேலம் சென்னை மாகாணத்துல இருந்துச்சு. அவ்வளவுதான். இந்த மேட்டு நில ஜனங்களை நீங்க யாருன்னு யாரும் கேக்கல. 1956 நவம்பர் 1 அன்னைக்கு மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ ஓசூர் சேலத்தோட நின்னுச்சு. மாநில மறுசீரமைப்பு ஆணையம் தாலுகா தாலுகாவா வெட்டாம, பெரும்பாலும் மாவட்டத்தை மொத்தமா எடுத்துத்தான் எல்லை போட்டது. தெலுங்கு பேசுறவங்க அதிகம் இருந்த கோலார் கர்நாடகாவுல நின்னதும் இப்படித்தான். அப்புறம் 1965-ல தர்மபுரி மாவட்டம், 2004-ல கிருஷ்ணகிரி மாவட்டம்.

ஆக மொழியைப் பார்த்து கோடு போட்டாங்கன்னு சொல்றது பாதி உண்மை. கல்வெட்டைப் பார்த்துப் போடலாமேன்னு சிலர் வருவாங்க. அது இன்னும் வம்பு. பெங்களூரு டொம்ளூர்ல சொக்கநாத சுவாமி கோயில் சுவத்துல தமிழ்க் கல்வெட்டு இருக்கு. அதை வச்சு நாம டொம்ளூரைக் கேட்டா, அவங்க பேரை வச்சு ஓசூரைக் கேப்பாங்க. கேக்கவும் செய்றாங்க. அத்திப்பள்ளி எல்லையில கன்னட அமைப்புகள் உக்காரும்போது வர்ற பழைய கோரிக்கைகள்ல ஓசூரும் ஒண்ணு.

இப்ப உக்ரைனுக்கு வாங்க.

அங்கயும் நடுவுல கோடு. மேற்குல லிவிவ் நகரம் 1772-ல இருந்து முதல் உலகப்போர் வரைக்கும் ஆஸ்திரியா கையில. மத்த பெரும்பகுதி ரஷ்ய ஜார் கையில. ஜார் அரசுக்கு உக்ரைன் மொழின்னு தனியா ஒண்ணு கிடையாது, அது ரஷ்ய மொழியோட கொச்சை. 1863-ல உள்துறை அமைச்சர் வலூயெவ் பள்ளிப் புத்தகத்துக்கும் மதப் புத்தகத்துக்கும் தடை போட்டார். 1876-ல ரெண்டாம் அலெக்சாந்தர், ஜெர்மனியில எம்ஸ்ங்கிற வெந்நீர் ஊற்று ஊருக்கு உடம்பைத் தேத்திக்கப் போன இடத்துல, இன்னொரு உத்தரவுல கையெழுத்துப் போட்டார். அந்த மொழியில அச்சடிக்கிறது ஏறக்குறைய மொத்தமா நின்னுச்சு. நாடகம்கூடக் கூடாது.

என்ன ஆச்சு? எழுதுறவங்க கையெழுத்துப் பிரதியை லிவிவுக்கு அனுப்பி அங்க அச்சடிச்சாங்க. பண்ணை அடிமையாப் பொறந்த கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவை 1847-லயே பிடிச்சு, எழுதக் கூடாது, படம் வரையக் கூடாதுன்னு சொல்லி நாடு கடத்தியிருந்தாங்க. இன்னைக்கு அந்த நாட்டுல அவர் சிலை இல்லாத ஊரைத் தேடணும். வெறும் பேச்சு வழக்கா இருந்ததை, தடை போட்டு அடையாளமா மாத்திக் கொடுத்தது ஜார்தான்.

நமக்கு இது தெரியாத கதையா? 1938-ல சென்னை மாகாணத்துல பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயமாக்கினாங்க. பெரியார் ஜெயிலுக்குப் போனார். நடராசன், தாளமுத்து ரெண்டு பேரும் காவல்ல இருந்தபடியே 1939-ல இறந்தாங்க. 1940-ல உத்தரவு வாபஸ். தமிழன்கிற உணர்வு அரசியலா மாறுனதுல அந்த ரெண்டு வருஷத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உத்தரவு போட்ட பிரதமர் ராஜாஜி பொறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்துலதான். நாலு மொழி காதுல விழுற மண்ணுல பொறந்தவர். 1965-ல அதே ராஜாஜி இந்தித் திணிப்பை எதிர்த்து நின்னார்ங்கிறதையும் சொல்லிடணும்.

ஆனா உக்ரைன் கதை இதோட முடியல. மொழியால மட்டும் அந்த நாடு உருவாச்சுன்னா, ரஷ்ய மொழி பேசுற கிழக்கு விலகிப் போயிருக்கணுமே? 1991 டிசம்பர் 1 வாக்கெடுப்புல சுதந்திரத்துக்கு ஆதரவா 90 சதவீதத்துக்கு மேல ஓட்டு. ரஷ்ய மொழி பேசுற டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், கார்கிவ்ல பதிவான ஓட்டுலயும் 80 சதவீதத்துக்கு மேல. கிரிமியாவுலகூட பாதிக்கு மேல. இன்னைக்கு அதிபரா இருக்குற ஜெலன்ஸ்கி, ரஷ்ய மொழி பேசுற யூதக் குடும்பத்துப் பிள்ளை. 2021 ஜூலைல புதின் நீளமா ஒரு கட்டுரை எழுதி ரெண்டு பேரும் ஒரே மக்கள்னு சொன்னார். ஏழு மாசம் கழிச்சு, "ஒரே மக்கள்" இருந்த கார்கிவ் மேலயே குண்டு விழுந்துச்சு.

கார்கிவ் ரஷ்ய எல்லையில இருந்து சுமார் 40 கி.மீ. எங்களுக்குப் பெங்களூரு மாதிரி. அங்க மருத்துவம் படிச்ச பர்கூர்ப் பையன் ஒருத்தன் 2022 மார்ச்ல ஊர் திரும்பினான். மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள பல ராத்திரி படுத்து எழுந்து, ரயில் பிடிச்சு, எல்லை தாண்டி வந்தவன். அந்த நகரத்துல சாப்பாடு வாங்க வெளிய போன ஹாவேரி மாவட்டத்து மாணவர் ஒருத்தர் குண்டுவீச்சுல இறந்த செய்தி வந்த வாரம் அது. அவனோட அப்பா அம்மா எத்தனை நாள் தூங்கலைன்னு எனக்குத் தெரியும், அவங்க அப்பாவுக்கு பி.பி. பாக்குறது நான்தான்.

அந்தப் பையன் சொன்ன ஒரு விஷயத்தை அப்படியே எழுதறேன். பாடம் இங்கிலீஷ்ல நடந்தாலும், பேஷண்ட்கிட்ட பேசணும்னு இவங்க கத்துக்கிட்டது ரஷ்ய மொழி. அந்த ஊர் ஜனங்க பேசுனது அதுதான். இவனோட பேராசிரியை ஒருத்தங்க நன்றி சொல்லணும்னா "ஸ்பசீபா"ம்பாங்க, அது ரஷ்ய வார்த்தை. போர் ஆரம்பிச்ச பிறகு ஆன்லைன் வகுப்புல அதே அம்மா "தியாகுயு"ன்னாங்களாம், அது உக்ரைன் வார்த்தை. வகுப்பு நடுவுல பழக்கத்துல பழைய வார்த்தை வந்தா நிறுத்தி, திருத்திச் சொல்வாங்களாம். "அறுபது வயசு சார் அவங்களுக்கு"ன்னான். வீட்டுல பேசுன மொழியை வாயில இருந்து பிடுங்கிப் போட்டுட்டு இன்னொண்ணைப் பழகுற அளவுக்கு ஒரு மனுஷிக்கு என்ன நடந்திருக்கணும்?

இதையெல்லாம் எனக்கு ஏன் ஓசூரை வச்சுப் புரிஞ்சதுன்னா, 2016 செப்டம்பர்.

காவிரித் தண்ணி உத்தரவு வந்து பெங்களூருல பஸ் எரிஞ்ச நாட்கள். எல்லையில வண்டி நின்னு போச்சு. அத்திப்பள்ளியில இறங்கி, மூட்டை முடிச்சோட, குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஜூஜூவாடி வரைக்கும் நடந்து வந்தாங்க ஜனங்க. ஒரு சாயங்காலம் தளிப் பக்கத்துக்காரர் ஒருத்தர் நெத்தியில கண்ணாடி கீறி வந்தார். காய்கறி ஏத்திக்கிட்டுப் போற சின்ன லோடு வண்டி அவரோடது. வீட்டு மொழி கன்னடம், குலதெய்வம் அந்தப் பக்கம், பொண்ணைக் கொடுத்தது ஆனேக்கல்ல. அவருக்குத் தமிழ் நல்லா வரும், ஆனா தையல் போடும்போது வலியில கன்னடத்துலதான் கத்தினார்.

"நானூ கன்னடதவனேன்னு கத்தினேன் சார், கேக்கல. நம்பர் பிளேட்டைப் பாத்தாங்க."

டி.என். 70. அவ்வளவுதான் அன்னைக்கு அவரோட அடையாளம்.

நாலு தையல் போட்டேன். இந்தப் பக்கம் நாம மட்டும் ஒழுங்கான்னு அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன். அதே மனுஷனோட பேத்தி சேலத்துல காலேஜ் படிக்குது. அங்க "நீ தமிழா, கன்னடமா?"ன்னு கேக்குறாங்களாம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமூக ஊடகத்துல இன்னும் மோசமான வார்த்தை, "வந்தேறி". பத்துத் தலைமுறையா ராகி விதைச்ச நிலத்துல நிக்கிறவனை வந்தேறிங்கிறது என்ன கணக்கு? நான் தஞ்சாவூர்ல இருந்து பிழைக்க வந்தவன். ஓசூருக்கு நான்தான் வந்தேறி.

2006-ல தமிழ் கற்றல் சட்டம் வந்தது. எல்லாப் பள்ளியிலும் தமிழ் கட்டாயம், ஒண்ணாம் வகுப்புல தொடங்கி வருஷம் ஒரு வகுப்பா. 2016-ல பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அது வந்து நின்னப்போ, தெலுங்கு, கன்னடம், உருது பள்ளிப் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போய் விலக்கு வாங்கினாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2023-லயும் விலக்கு நீண்டது. என் கருத்தைச் சொல்லிடறேன். இங்க வாழுற பிள்ளைக்குத் தமிழ் வேணும். மருந்துச் சீட்டு, தாலுகா ஆபீஸ், வேலை எல்லாத்துக்கும் வேணும், அதனால சட்டத்தோட நோக்கத்துல எனக்குச் சண்டை இல்ல. ஆனா தெலுங்கு சொல்லித்தர வாத்தியாரையும் புத்தகத்தையும் நேரத்துக்குக் கொடுக்காம தமிழை மட்டும் கட்டாயம்னா, அந்த அம்மாவுக்கு அது வேற மாதிரிதான் கேக்கும். 2014 பிப்ரவரியில யானுகோவிச் ஓடிப்போன கையோட, உக்ரைன் நாடாளுமன்றம் அவசரமா, ரஷ்ய மொழிக்கு இடம் கொடுத்த பழைய சட்டத்தை ரத்து பண்ண ஓட்டுப் போட்டது. இடைக்கால அதிபர் கையெழுத்தே போடல, சட்டம் அப்படியேதான் இருந்துச்சு. ஆனா மாஸ்கோ டி.வி.க்கு அந்த ஒரு நாள் போதுமா இருந்தது.

உக்ரைன் தேசியவாதத்துக்கும் கறை உண்டு, அதை மறைச்சா நான் எழுதுறது பிரச்சாரம் ஆயிடும். 1943-ல வோலின் பகுதியில அந்தத் தேசியவாதப் படை போலந்துக்காரங்களைப் பல்லாயிரக்கணக்குல கொன்னது, பெண்கள் குழந்தைகள் உட்பட. மண்ணு ஒரே மொழிக்குத்தான்னு முடிவு பண்ணா அது அங்கதான் போய் நிக்கும். நம்ம ஊர்ல "ரத்தத்துல ஓடுது"ன்னு வசனம் பேசுறவங்களுக்கு ஒரு லேப் ரிப்போர்ட் எடுத்துக் காட்டலாம். ஹீமோகுளோபின் இருக்கும், சர்க்கரை இருக்கும்.

2024 ஜூன்ல கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் மக்களவையில தெலுங்குல உறுதிமொழி எடுத்தார். உடனே இங்க சில பேர் கொதிச்சாங்க. ஆனா முடிக்கும்போது அவர் நன்றி, வணக்கம் சொல்லி "ஜெய் தமிழ்நாடு"ன்னார். எங்க ஊர்க்காரங்களுக்கு அதுல முரண்பாடே தெரியல. டீக்கடையில ரெண்டு நிமிஷம் பேசிட்டு மழை பத்திப் பேசப் போயிட்டாங்க.

ஒரு வேலை மட்டும் பாக்கி. 2027-ல மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருது. தாய்மொழி என்னன்னு கேப்பாங்க. சின்ன வயசுல உங்கம்மா உங்ககிட்ட எதுல பேசினாங்களோ அதுதான் அதுக்குப் பதில். தெலுங்குன்னா தெலுங்கு, கன்னடம்னா கன்னடம். தமிழ்நாட்டுல இருக்கோமே, மாத்திச் சொல்லணுமோன்னு என்கிட்டயே ரெண்டு பேர் கேட்டாங்க. வேண்டாம். அப்படிச் சொன்னா எந்த எல்லையும் நகராது, உங்க ரேஷன் கார்டும் போகாது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் கேக்கணும்னா அந்த எண்ணிக்கைதான் கைல இருக்கும். வேற என்ன மொழி தெரியும்னு இன்னொரு கேள்வியும் வழக்கமா வரும், போன தடவை ரெண்டு மொழி வரைக்கும் சொல்ல முடிஞ்சது. ஓசூர்காரங்களுக்கு ரெண்டு இடம் பத்தாது, ஆனா பரவால்ல.

உங்க வீட்டுல எத்தனை மொழி புழங்குதுன்னு எழுதுங்க. நாளைக்கு ஓ.பி. இருக்கு, ராத்திரி வந்து படிக்கறேன்.