தடுக்கச் சொன்னால் ஒளிர்ந்தது!

1989. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். ஜெரமி பரோஸ் என்ற இளம் ஆய்வாளருக்கு அன்று வெளிச்சத்தைப் பற்றிய நினைப்பே இல்லை. பி.பி.வி. என்ற பாலிமர், அதாவது ஒருவகை பிளாஸ்டிக், டிரான்சிஸ்டருக்குள் கரன்ட்டைத் தடுக்கும் படலமாக உதவுமா என்பதுதான் அவர் கவலை. படலத்தின் இரு பக்கமும் மின்முனைகளை வைத்து கரன்ட்டைக் கொடுத்தார். தடுக்க வேண்டியது தடுக்கவில்லை. பதிலாக, மஞ்சள் கலந்த பச்சையில் மினுங்கியது!

'படலம் பாழ்' என்று தூக்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரிச்சர்ட் ஃப்ரெண்ட், டோனல் பிராட்லி, வேதியியல் துறையின் ஆண்ட்ரூ ஹோம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அதைத் துருவினார். 1990-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

அந்தப் படலம் செய்யும் விதம் நம் வீட்டு ஆப்பம்தான். பி.பி.வி. எதிலும் கரையாது. அதனால் அதற்கு முந்தைய நிலையில் இருக்கும் கரைசலைக் கண்ணாடி மேல் ஊற்றி, வேகமாகச் சுற்றி, பிறகு வெற்றிடத்தில் சூடேற்றுவார்கள். ஆப்பத்துக்கு நடுவில் தடிமன் வேண்டும். இதற்கு எங்குமே கூடாது. சுமார் 100 நானோமீட்டர்தான், தலைமுடியில் பல நூறில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் சில வோல்ட்டுகளிலேயே ஒளிர்கிறது. அதனாலேயே தொல்லையும். ஒரே ஒரு தூசு உட்கார்ந்தால் போதும், ஷார்ட் சர்க்யூட். காற்றும் ஈரமும் பட்டால் ஒளி மங்கிவிடும்.

இதில் மனசுக்குள் உறுத்தும் பெயர் ஒன்று உண்டு: ரோஜர் பார்ட்ரிட்ஜ். அதே இங்கிலாந்தில், தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், வேறொரு பாலிமரை ஒளிரவைத்து 1975-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர். அவருடைய படலம் இதைவிடப் பல மடங்கு தடிமன். கட்டுரைகள் வெளிவந்தது 1983-ல்தான். பரோஸை அறிந்தவர்களில் எத்தனை பேர் இவரை அறிவார்கள்?

பரோஸுக்கும் எல்லாம் கைகூடிவிடவில்லை. இந்தக் கண்டுபிடிப்பை நம்பி 1992-ல் கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜி நிறுவனம் பிறந்தது. பின்னாளில் அவர் அதன் தொழில்நுட்பத் தலைவரானார். ஆனால் இன்று நம் கையிலிருக்கும் ஓ.எல்.இ.டி. போன்களில் ஒளிர்வது பெரும்பாலும் பாலிமர் இல்லை. கோடாக் நிறுவனத்தில் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 1987-ல் அறிவித்த சிறு மூலக்கூறு வழிதான் அங்கே ஜெயித்தது.

பாலிமர் படலமும் கடைக்கு வராமல் போகவில்லை. 2002-ல் வந்தது. பிலிப்ஸ் எலெக்ட்ரிக் ஷேவர் ஒன்றில், சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் குட்டித் திரையாக.