கீழறையில் ஒரு பந்தி

வீட்டுக்குக் கீழே ஓர் அறை என்பது யாழ்ப்பாணத்திற் பிறந்த எமக்குப் புதுமையானதே. அங்கே சுண்ணக்கற் பாறைக்குள் நீர் தேங்கி நிற்கிறது. மாரியிற் கிணறுகள் மேலெழுந்துவிடும். நிலத்தை அகழ்ந்து அறை கட்டினால் அதிற் குடியிருக்கப்போவது தவளைகள்தாம். மலையகத்தின் இயல்பு வேறு. சரிவிலே எழுந்த பழைய வீடுகள் பல முன்புறத்தே தெருவோடு சமமாகவும், பின்புறத்தே உயர்ந்த கருங்கற் சுவர்களின் மீதும் நிற்கின்றன. அச்சுவர்களுக்கிடையே எஞ்சிய வெளியே கீழறை. ஹட்டனில் ஆசிரியக் குடும்பங்கள் மூன்றாகச் சேர்ந்து நாம் வாடகைக்கு எடுத்த வீட்டின் அடியிலும் அத்தகைய ஓர் அறை, உடைந்த கதிரைகளோடும் உக்கிய விறகோடும் கிடந்தது.

2022ஆம் ஆண்டிற் சமையல் எரிவாயுவுக்காக மக்கள் தெருவோரங்களில் வரிசையாகக் காத்துநின்றதை வாசகர் மறந்திரார். மூன்று குடும்பங்களுக்கு மூன்று அடுப்பு என்பது அப்போது கட்டுபடியாகவில்லை. பின்முற்றத்து விறகடுப்பில் ஒரே பானை ஏறிற்று. ஒன்றாகச் சமைத்தவர்கள் ஒன்றாக இருந்து உண்ண இடம் வேண்டுமல்லவா? தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் முற்றத்தில் நிற்கவும் முடியாது. அவ்வேளையிலேதான் கீழறை நினைவுக்கு வந்தது. எரிவாயுத் தட்டுப்பாடு நீங்கிய பின்னரும் பந்தி கலையவில்லை. போயா தினத்து மாலைகளில் மாணவரின் பெற்றோரையும் அயலவரையும் அழைத்து உண்பது வழக்கமாயிற்று.

அறையைச் செம்மைப்படுத்தியது இலகுவான காரியமன்று. சுவரெல்லாம் ஈரம், வெள்ளை உப்புப் பூத்திருந்தது. சீமெந்து பூசிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்றார் எம்முள் ஒருவர். தோட்டமொன்றிற் கொத்துவேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

"மறையுங்க சேர், போகாது. உள்ளுக்கே நின்னு செவரத் திங்கும்."

அவருடைய சொற்படியே நடந்தோம். முதலில் மேட்டுப்பக்கத்தில் வடிகால் வெட்டி, மலையிலிருந்து இறங்கும் நீரைச் சுவரை அணுகாமல் வேறுவழியே திருப்பினோம். பின்னர் முன்பொரு காலத்திற் பூசிய சீமெந்தைக் கொத்தி அகற்றி, சுண்ணச் சாந்தால் இடுக்குகளை அடைத்து, நீற்றிய சுண்ணாம்பை மூன்று முறை அடித்தோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து அடைத்துவைக்கும். ஒருபுறத்தே தாழவும் எதிர்ப்புறத்தே உயரவும் காற்றுக்கு வழி திறந்தோம். அடுப்பைமட்டும் உள்ளே விடவில்லை. அடைத்த அறையில் விறகோ கரியோ எரிந்தால் காபனோரொட்சைட்டு மணமின்றிச் சேர்ந்து ஆளைக் கொல்லும் என்பதை எமது இரசாயன ஆசிரியை பாடம் நடத்துவதுபோலவே விளக்கினார். (பரீட்சை வைக்காததுதான் குறை.)

வேலை முடிந்த மாலையில் முதியவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிறுவயதில் தம் தாயோடு துரை பங்களாவின் இதுபோன்றதோர் அறைக்கு விறகு சுமந்ததைச் சொன்னார். பின்வழியாகக் குனிந்து வருவார்கள், விறகை அடுக்குவார்கள், குனிந்தே போவார்கள். தலைக்கு மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்குமாம். மேல்வீட்டை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

தனித்து உண்ணாமையைப் போற்றும் புறநானூற்றுப் பாடலை வகுப்பிலே விளக்கி உருகுகிறோம். ஆயின் யார் அருகில் யார் இருந்து உண்பது என்ற கேள்வி எழுந்ததும் எமது சமூகத்தின் குரல் தாழ்ந்துவிடுகிறது. சமபோசனத்துக்காக யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1920களிலேயே குரல் எழுப்பியது. பொதுவிடங்களிற் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957இற் சட்டமும் வந்தது. எனினும் 1960களின் பிற்பகுதியிலும் தேநீர்க்கடைகளிற் சம ஆசனத்துக்கும் சம குவளைக்கும் போராடவேண்டியிருந்தது. கலியாண வீடுகளில் முதற்பந்தி யாருக்கு என்ற கணக்கு இன்றும் சத்தமின்றி நடக்கிறதே!

ஆதலால் இருக்கை பற்றி நாம் நெடுநேரம் விவாதித்தோம். நீண்ட மேசை போட்டால் தலைமாடு ஒன்று உண்டாகும். அதில் அதிபர்தான் இருப்பார். நிலத்தில் இருக்க முதியோரால் இயலாது. முடிவில் மூன்று சுவர்களையும் ஒட்டிப் பலகை வாங்குகள் அடித்து, சோற்றுக் கிடாரத்தை நடுவே வைத்தோம். பரிமாறுவது பெண்களின் கடமை என்ற எண்ணமும் அதிக நாள் நிலைக்கவில்லை. இரண்டாவது போயாவன்று ஆசிரியை ஒருவர் அகப்பையை வைத்துவிட்டு வாங்கில் அமர்ந்து, "இனி ஆம்பிளையள் போடட்டும், பாப்பம்" என்றார். அன்றிலிருந்து முறைவைத்தே பரிமாறுகிறோம், முறைவைத்தே கழுவுகிறோம். கிடாரம் தேய்க்கும் முறை வரும் நாளிற் சிலருக்குத் தலைவலி வந்துவிடுவதும் உண்மையே.

முதலாவது பந்திக்கு முதியவர் தமது தகரக் கோப்பையோடும் தட்டோடும் வந்து வாசற்படியில் நின்றார். "எனக்கு இங்கனயே போதுங்க." யாம் எவ்வளவு அழைத்தும் அசையவில்லை. எம்மிடம் பதினோராந் தரத்திற் படிக்கும் அவருடைய பேத்தி எழுந்துபோனாள். "தாத்தா, செவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சது நீங்க. நீங்களே வெளிய நின்னா எப்படி?" அவர் உள்ளே வந்து வாங்கின் ஓரத்தில் அமர்ந்தார். அடுத்த மூன்று போயாக்களுக்கும் தட்டைக் கையோடு கொண்டுவந்தார். நான்காவது முறை கைவீசிக்கொண்டு வந்தார். எவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

மரவள்ளிக் கிழங்கும் சம்பலும், சிலநாள் ரொட்டியும் பருப்பும், அவ்வளவே விருந்து. ஆனால் வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக எமக்குத் தெரியவராதவை அங்கே சாதாரணமாகத் தெரியவந்தன. மழைநாட்களில் வராத மாணவன் சோம்பேறியல்லன்; அவனுக்கும் தம்பிக்கும் சப்பாத்து ஒரு சோடிதான் என்பதைத் தாய் ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார்.

இப்போது வீட்டுக்காரர் அறையைத் திருப்பிக் கேட்கிறார். சிவனொளிபாத மலைக்குப் போகும் பயணிகள் பலர் ஹட்டன் வழியாகத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு இராப்போசன மண்டபமாக வாடகைக்கு விடலாமாம். குத்தகைப் பத்திரத்தில் மேல்வீடு மாத்திரமே குறிக்கப்பட்டிருக்கிறது என்கிறார், அது உண்மைதான். வடிகாலுக்கும் சுண்ணாம்புக்குமான செலவுக் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறோம். வாடகையைச் சற்றுக் கூட்டித் தரவும் உடன்பட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

செய்தியை முதியவரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"அந்தச் சுண்ணாம்பு வருசா வருசம் அடிக்கணுமுங்க. யாரு அடிப்பாங்கன்னு அவருகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இந்த ஞாயிறு கேட்கப்போகிறோம். அவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.