மூன்றில் ஒன்று கட்டிய பிறகு

லண்டன் மடல். இலங்கையின் களுபோவில ஆஸ்பத்திரிப் பக்கம் நிற்கிற ஆட்டோக்களில் எத்தனை ஓட்டுகிறவருக்குச் சொந்தம் என்று கேட்டால், ஸ்டாண்டில் ஒரு பதில் கிடைக்கும், சட்டத்தில் வேறொரு பதில் இருக்கும். லீசிங்கில் எடுத்த வண்டிக்குப் பெற்றோல் அடிப்பதும் ரயர் மாற்றுவதும் ஓட்டுநர். கடைசித் தவணை முடியும்வரை சொந்தக்காரர் கம்பனி. 'சீசர்' என்று பெயரெடுத்த ஆட்களுக்கு நடுத்தெருவில் சாவியைப் பிடுங்கும் துணிவு இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. தாமதக் கட்டணம், கடிதச் செலவு, வண்டி தூக்கிய கூலி, யார்ட் வாடகை என்று கணக்கில் ஏறுவதையெல்லாம் கேள்வி கேட்காமல் கட்டவைப்பதும் அதே பயம்தான். வட்டியைக் குறைக்கச் சொல்லி மன்றாடுவது இரண்டாவது வேலை. நீதிமன்றம் போகாமல் பொருளைத் தூக்கும் உரிமைக்கு எல்லை கட்டுவது முதல் வேலை என்பது என் கட்சி.

இங்கே பிரித்தானியாவில் இதற்கொரு பழைய பாடம் உண்டு. 1930களில் தவணைக்குத் தளபாடம் விற்ற சில கடைகள், முக்கால்வாசிப் பணம் வந்தபின் ஒரு தவணை பிந்தினால் போதும், பொருளைத் தூக்கிப்போய் இன்னொருவருக்கு விற்றன. ஜரோ தொகுதி எம்.பி. எலன் வில்கின்சன் முன்னெடுத்த 1938 ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால் நீதிமன்றக் கட்டளையின்றிப் பொருளில் கைவைக்கக்கூடாது என்றது. 1974 ஆம் ஆண்டின் சட்டத்திலும் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அதன் பல் எங்கே என்றால், மீறிப் பிடுங்கினால் ஒப்பந்தமே முடிந்துபோகும். கட்டிய பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கலாம். மிரட்டல் நட்டக் கணக்காக மாறுவது இப்படித்தான்.

தூக்கும் உரிமை இல்லாவிட்டால் ஏழைக்கு யார் கடன் தருவார் என்று கேட்பார்கள். 1938க்குப் பிறகு பிரித்தானியாவில் தவணை வியாபாரம் செத்துப்போகவில்லை. போருக்குப் பின் பெருகியது. இலங்கையில் கம்பனியின் ஆபத்தும் சொல்லப்படுகிற அளவு பெரிதல்ல. 2017 இல் மத்திய வங்கி, ஆட்டோவின் பெறுமதியில் கால்பங்குக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்றது. கடன் பொறியிலிருந்து காப்பாற்றும் நோக்கம் நல்லதுதான், ஆனால் அதன் மறுபக்கம் என்ன? அந்த விதியின் கீழ், கால்பங்கு பாக்கிக்காக முழு வண்டியும் போகலாம் என்றானது. 2020 இல் வாகன இறக்குமதி நின்று பழைய வண்டிகளின் விலை ஏறியபோது, பிடித்த வண்டி பாக்கியைவிடப் பெறுமதியானதாக இருக்கும் வாய்ப்பும் கூடியது. ஆட்டோ ஓடி ஒளியும், கட்டில் ஒளியாது என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதற்கு விரைவான இடைக்காலக் கட்டளை கேட்கலாமே, தெருச்சண்டை எதற்கு?

கட்டண உச்சவரம்பு ஒன்றே போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2019 ஏப்ரலில் இங்குள்ள நிதி நடத்தை ஆணையம், வாடகைக்கெடுத்துச் சொந்தமாக்கும் பொருள்களில் கடன் செலவு பொருளின் விலையைத் தாண்டக்கூடாது என்றது. நல்ல விதி. மறு ஆண்டு மார்ச்சில் அந்த வியாபாரத்தின் பெரிய கம்பனியான பிரைட்ஹவுஸ் விழுந்தது. சலவை இயந்திரம் தேவைப்பட்டவர்களுக்குத் தேவை மட்டும் தீரவில்லை.

ஊரில் தவணைக் கொள்வனவுக்கு 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டம், லீசிங்குக்கு 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். தவணை கட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே பாடு. பத்திரத்தின் தலைப்பு மாறினால் சட்டமும் மாறிவிடுகிறது. மத்திய வங்கி 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறைப்பாடு செய்யலாம். கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கியவர் கை அங்கே ஓங்கும். ஆனால் முறைப்பாடு நடக்கிற நாட்களில் வண்டி யார்ட்டில் நிற்கும், வாடகையும் ஏறும்.