சிவப்பா, கறுப்பா?

பைக்குக்குப் பெயிண்ட் அடிப்பது ஒரு சின்ன வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடையில் விட வேண்டியது, கலர் சொல்ல வேண்டியது, நாலு நாள் கழித்துப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதானே? ஆனால் அந்தக் 'கலர் சொல்ல வேண்டியது' என்கிற இடத்திலேயே அன்னூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு வாரம் நின்றுவிட்டது.

அன்னூர் தெரியாதவர்களுக்காக: கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிற ஊர். அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற சாலையும் இங்கேதான் குறுக்கே வருகிறது. ஊரைத் தாண்டினால் தோட்டங்களும் சாளைகளும். இந்தப் பக்கத்தில் பைக் என்பது ஊர் சுற்றுகிற வண்டி மட்டும் இல்லை. பால் கேன், புண்ணாக்கு மூட்டை, மோட்டார் காயில், வாழைத்தார் எல்லாம் அதில்தான் போகும், வரும்.

அந்த வீட்டு வண்டி 2009ல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ். அப்பா காலையிலும் சாயந்திரமும் பால் சொசைட்டிக்கு ஓட்டினது. 2021ல் அவர் போன பிறகு மாட்டுக் கொட்டகை ஓரமாகச் சாக்கு போர்த்தி நின்றது. கல்லூரி முடிக்கப் போகிற மகன் அதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வர நினைத்தான். பைக்குக்கு முதலில் கிடைக்கிற பதிவு 15 வருஷத்துக்குத்தான். அது 2024லேயே முடிந்துவிட்டது. எப்.சி. காட்டிப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். துரு ஏறிய வண்டியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த முடியாது. அதனால் எஞ்சின் வேலை முடிந்ததும் பெயிண்ட் வேலை.

இங்கேதான் முதல் சிக்கல். வண்டி கறுப்பு. பையனுக்கு விவரம் தெரிந்த நாளாக அது கறுப்புதான். பெட்டியிலிருந்து எடுத்த ஆர்.சி.யில் நிறம் என்ற இடத்தில் இருந்ததோ சிவப்பு!

அம்மாவிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வாங்கினபோது சிவப்புதான். பால் கேன் உரசி உரசி இரண்டு பக்கமும் தகரம் தெரிய ஆரம்பித்ததும், 2015 வாக்கில் அப்பா கறுப்பு அடித்துவிட்டார். போக்குவரத்து அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நம்மில் பலருக்கும் இது தெரியாது. நிறமும் ஆர்.சி.யில் பதிவாகிற ஒரு விவரம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது என்கிறது. மாற்றம் செய்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யிலும் எழுதி வாங்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. இன்னொரு சுவாரஸ்யம்: 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. மிலிட்டரி கலர் ஆசை உள்ளவர்கள் கவனிக்கவும்!

ஆக, சிவப்பு அடித்தால் நிற மாற்றத்துக்கென்று தனி அலைச்சல் இல்லை. கறுப்பு அடித்தால் விண்ணப்பம், கட்டணம் எல்லாம் உண்டு. கடையில் இருந்த நாலு பேரும் சிவப்பே அடிக்கச் சொன்னார்கள். பையனுக்கோ சிநேகிதன் வண்டி மாதிரி மேட் நீலம் வேண்டும். அம்மா சொன்னது ஒரே வரிதான்: "செவப்பு வண்டில அவரு வந்த ஞாபகமே எனக்கில்ல கண்ணு."

முடிவு எடுப்பதற்குள் டேங்க் பெயிண்டர் கைக்குப் போய்விட்டது. அவர் முதலில் செய்தது பெட்ரோலை முழுக்க இறக்கியதுதான். காலி டேங்க்கில் நிற்கிற ஆவிதான் அபாயம், பக்கத்தில் தீப்பொறி கூடாது. பிறகு உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அடிபட்ட இடத்தைச் சுற்றித் தேய்க்கும்போது மரத்தை அறுத்தால் தெரியுமே, அந்த மாதிரி வளையம் வளையமாக வந்தது. மேலே கறுப்பு, அடுத்து சாம்பல் பிரைமர், அதற்குக் கீழே கம்பெனி சிவப்பு, கடைசியில் தகரம். 15 வருஷம் ஒரு விரல் அகலத்தில்.

"தம்பி, பெயிண்டுக்கு ஆகற காசு கம்மிதானுங்க. தேய்ப்புக்குத்தான் கூலியே" என்றார் பெயிண்டர்.

"அப்படி எத்தனை தடவைங்ணா தேய்ப்பீங்க?"

"பட்டி போட்டு ஒருக்கா, பிரைமர் அடிச்சு ஒருக்கா, கடைசியா வாட்டர் பேப்பர்ல ஒருக்கா. இதுல ஒண்ணை விட்டாலும் இன்னிக்குத் தெரியாதுங்க. ஆறு மாசத்துல தெரியும்."

இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. பட்டியைக் கனமாக அப்பினால் பின்னால் வெடிக்கும். தண்ணீர் போட்டுத் தேய்த்த பட்டி நன்றாகக் காயாமல் பிரைமர் அடித்தால் உள்ளே ஈரம் நின்று கொப்புளம் வரும், துரு பிடிக்கும். கடையிலிருந்து வண்டியை எடுக்கிற அன்றைக்கு நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே மாதிரிதான் மின்னும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அந்த வேலையைச் செய்தாரா இல்லையா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் பெயிண்டரை மாற்ற நம் ஆட்கள் அவ்வளவு யோசிக்கிறார்கள்.

பெயிண்டிலும் இரண்டு ஜாதி. ஒன்று என்.சி. அதாவது நைட்ரோ செல்லுலோஸ். தின்னர் ஆவியாகப் போனதும் காய்ந்துவிடும், விலையும் குறைவு. ஆனால் காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரையும், பெட்ரோல் சிந்தினால் மங்கும். அப்பா அடித்தது இதுதான் போல, டேங்க் மூடியைச் சுற்றி வெளுத்துப் போயிருந்தது. மழைக்கால ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்தும் போகும். இன்னொன்று பி.யு. இதில் ஹார்ட்னர் கலக்க வேண்டும். இரண்டும் வேதிவினை செய்து இறுகுவதால் பெட்ரோலுக்கு நன்றாகத் தாங்கும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிச்சம் வீண்தான்.

எங்கள் ஊர்ப் பெயிண்டர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்கிற 'டூக்கோ' என்ற சொல், அமெரிக்க டுபாண்ட் கம்பெனி 1923ல் கொண்டு வந்த லேக்கர் பெயிண்டின் வியாபாரப் பெயர். அதற்கு முன்பு கார் பெயிண்ட் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகுமாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924 மாடல் ஓக்லண்ட் காரை டூக்கோ நீலத்தில் இறக்கியது. அந்த வியாபாரப் பெயர் கடல் தாண்டி வந்து அன்னூர் பட்டறையில் ஒரு தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது!

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பி.யு. ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். தொழில் மூலமாக வருகிற ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க அறியப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. சின்னப் பட்டறைகளில் பலர் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். துணி தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஈயம் பற்றிய 2016ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளும் வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டுக்குத்தான், வண்டிப் பெயிண்டுக்கு இல்லை. பேரம் பேசி நாம் குறைக்கிற 200 ரூபாய் எங்கே குறைகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். நல்ல முகமூடிக்கான காசாகவும் அது இருக்கலாம்.

இந்தப் பட்டறையிலும் கைக்குட்டைதான் இருந்தது. பையன் கோவை போனபோது கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் ஒன்று வாங்கி வந்தான். "இதைப் போட்டா மூச்சு முட்டுதுங் தம்பி" என்று இரண்டு நாள் ஆணியில் மாட்டி வைத்திருந்த பெயிண்டர், மூன்றாம் நாள் கிளியர் அடிக்கும்போது போட்டுக்கொண்டார்.

ஆடி மாசம் என்பதால் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, விடிகாலையில் காற்று எழும்புவதற்குள் அடித்தார். கலர் அதற்குள் முடிவாகியிருந்தது. கறுப்பு.

"கறுப்பு எதையும் மறைக்காதுங். ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் காட்டிக் குடுத்துரும்" என்று பெயிண்டர் எச்சரித்தார். அதனால் இன்னொரு தடவை தேய்த்தார்கள். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் டேப் ஒட்டியாயிற்று. எப்.சி.யில் அந்த நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள், பெயிண்ட் நிறைந்துவிட்டால் தலைவலி. ஸ்டிக்கரில் மட்டும் கொஞ்சம் அலைச்சல். 2010 கடைசியில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்து, 2011ல் கம்பெனி ஹீரோ மோட்டோகார்ப் ஆகிவிட்டதே! பழைய பெயர் போட்ட ஸ்டிக்கரை உதிரி பாகக் கடைகளில் தேடி வாங்கினான்.

டேங்க்கின் அடிப்பகுதியை மட்டும் பெயிண்டர் தொடவில்லை. அங்கே துரு இல்லை. அப்பா காலத்திலும் அந்த இடத்தில் யாரும் கை வைத்திருக்கவில்லை. கழற்றினால் மட்டும் தெரிகிற அந்த இடத்தில் 2009ஆம் வருஷத்துச் சிவப்பு அப்படியே இருக்கிறது.

மிச்சம் இருந்தது அலுவலக வேலை. நிற மாற்றத்துக்கு ஒரு விண்ணப்பம், பதிவுப் புதுப்பிப்புக்கு ஒன்று. உரிமையாளர் இறந்துவிட்டால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. இதை மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும், இவர்கள் வருஷங்களைத் தாண்டியிருந்தார்கள். எத்தனையோ வீடுகளில் வண்டி இன்னமும் போனவர்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் என்று வரும்போதுதான் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று புரியும். வாரிசுச் சான்றிதழ், தாமதக் கட்டணம், இரண்டு தடவை அலைச்சல் என்று எல்லாம் ஒருவழியாக முடிந்தது.

புது ஆர்.சி.யில் உரிமையாளர் இடத்தில் அம்மா பெயர். நிறம் என்ற இடத்தில் கறுப்பு. அப்பா பத்து வருஷத்துக்கு முன்னால் செய்த மாற்றம் இப்போதுதான் காகிதத்தில் ஏறியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று நின்றால், பெயிண்ட் கடைக்குப் போகும் முன் அதன் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.