ஷெஃபீல்டின் சாணைக்கல்

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், தென்மேற்கு ஓரத்துக் காட்டுச் சரிவில் போர்ட்டர் என்ற ஓடை இறங்கி வருகிறது. இதை ஆறு என்றால் காவிரிக் கரைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதுவும் ஷீஃப், டான், லாக்ஸ்லி, ரிவலின் என்ற மற்ற நான்கும் சேர்ந்துதான் பாதி உலகத்தின் தாடியை மழித்தன. ஓடையைத் தேக்கி, நீரைச் சக்கரத்தின் தலையில் விழவைத்து, அந்த வேகத்தில் சாணைக்கற்களைச் சுழற்றினார்கள்.

அப்படிப்பட்ட பட்டறைகளில் ஒன்று ஷெப்பர்ட் வீல். 16-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இந்தப் பட்டறை பற்றிய குறிப்பு இருக்கிறது. 1930 வாக்கில் தொழில் நின்றது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்ததைப் பழுதுபார்த்து 2012-ல் மீண்டும் திறந்தார்கள். உள்ளே தாழ்ந்த கூரை, மங்கிய வெளிச்சம், தொட்டியில் பாதி இறங்கிய மணற்கற்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு மர இருக்கை. குதிரைமேல் அமர்வதுபோல் கால்களை அகட்டி உட்கார்ந்து, கல்லின்மேல் குனிந்து வேலை செய்ய வேண்டும். ஓடும் கல் திடீரென்று பிளந்தால் அந்த மனிதரைத் தூக்கி எறிந்துவிடும்.

கல் உடைவது எப்போதோ ஒரு முறை. தூசியோ அன்றாடம். மணற்கல்லின் பொடியும் இரும்புத் துகளும் நுரையீரலுக்குள் போய்த் தங்கின. ஷெஃபீல்ட் மருத்துவர் ஆர்னால்ட் நைட் திரட்டிய விவரங்களை ஏங்கெல்ஸ் 1845-ல் தன் நூலில் எடுத்தாண்டார். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தார்கள். பாதி ஈரமாகவும் பாதி உலர்வாகவும் சவரக்கத்தி தீட்டியவர்களுக்கு 40 முதல் 45. முழுக்க ஈரக்கல்லில் மேசைக்கத்தி தீட்டியவர்களுக்கு 40 முதல் 50. தொட்டித் தண்ணீருக்கு அவ்வளவு மதிப்பு.

கல்லுக்கு மூடி, தூசியை இழுக்கும் காற்றுக்குழாய், காந்தத் தடுப்பு என்று பாதுகாப்பு வழிகள் வராமல் இல்லை. தொழிலாளர்களில் பலர் அவற்றை வேண்டாம் என்றார்கள், சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள். ஆபத்து குறைந்தால் ஆட்கள் பெருகுவார்கள், கூலி இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சீக்கிரம் சாவதுதான் கூலியைக் காக்கும் என்ற நிலைக்கு அவர்களைத் தள்ளியவர்கள் யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அந்த மூச்சைக் கொடுத்துத் தீட்டிய மடக்குச் சவரக்கத்திகள் இன்றும் பழம்பொருள் சந்தைகளில் துருவோடு கிடைக்கின்றன. சிலவற்றில் ‘சில்வர் ஸ்டீல்’ என்ற முத்திரை இருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் நம் ஊர்க் கதையும் உண்டு. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மைக்கேல் ஃபாரடேயும் கருவி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும் தென்னிந்திய உருக்கை ஆராயத் தொடங்கி, 500-க்கு 1 பங்கு வெள்ளி சேர்த்த உருக்குவரை போனார்கள்.

அப்படிக் கிடைத்த கத்தியை வாங்கிவந்து மின்மோட்டாரில் பூட்டிய பஃபிங் சக்கரத்தில் பளபளக்க வைப்பது இப்போது பலருக்குப் பொழுதுபோக்கு. நீர்ச்சக்கரத்தின் இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது. ஆபத்து பெரிதாக மாறவில்லை. இன்றைய கற்கள் பெரும்பாலும் மணற்கல் அல்ல என்பது ஓர் ஆறுதல். ஆனால் உருக்குத்தூசியும், பாலிஷ் பசையும், பழைய பிடியின் பொடியும் மூக்கில் ஏறத்தான் செய்யும். தூசி வடிகட்டும் முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். செல்லுலாய்ட் பிடி சட்டென்று தீப்பற்றும். ஆணியைக் கழற்றிப் பிடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மோட்டாரைத் தொட வேண்டும்.

அடுத்தது சூடு. சவரக்கத்தியின் கூர்ப்பக்கம் காகிதம்போல் மெல்லியது, நொடியில் காய்ந்துவிடும். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பதம் இறங்கத் தொடங்கும். முதலில் வைக்கோல் நிறம் தெரியும், 300-ஐ நெருங்கும்போது நீலம் படரும். நீலத்தைத் தேய்த்துப் போக்கிவிடலாம். போன பதம் திரும்பாது. அந்தக் கத்தி பார்க்க அழகாக இருக்கும், மழிக்காது. அதனால் கையுறை போடாமல் வெறும் விரலால் பிடிக்கிறார்கள், விரல் பொறுக்காத சூடு வந்ததும் தண்ணீரில் தோய்க்கிறார்கள். கையுறை சுழலும் சக்கரத்தில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும் என்பது இன்னொரு காரணம். கூரை முன்கூட்டியே மழுக்கிக்கொள்வதும் இதனால்தான்.

கூரைச் சக்கரத்துக்கு எதிராகக் காட்டவே கூடாது. சக்கரம் கத்தியின் முதுகிலிருந்து கூரை நோக்கி ஓடி விலக வேண்டும். சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே வைத்துத் தேய்த்தால், கை நழுவினாலும் கத்தி தரையை நோக்கிப் போகும், முகத்தை நோக்கி வராது. சைக்கிள் பெடலை மிதித்துத் தெருவில் சாணை பிடிப்பவரைக் கவனித்தால், அவரும் தீப்பொறி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துத்தான் கத்தியைச் சாய்ப்பார்.

எல்லாக் கத்தியையும் மீட்டுவிட முடியாது. கூரில் சிறு முறிவு என்றால் தேய்த்து எடுக்கலாம். துருக்குழி கூர்வரை இறங்கியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் ஓரம் பொரிந்துகொண்டே இருக்கும். முதுகில் விரிசல் கண்டால் மோட்டாரையே போட வேண்டாம், எண்ணெய் தடவி அப்படியே வைத்துவிடுங்கள்.